நீலத் துண்டு

ரிக் வண்டியில் பதினோரு வருசம்.
திருச்செங்கோட்டில் ஏறினால் ராய்ச்சூரில் இறங்குவேன்.
ஆயிரம் அடி கீழே தட்டித் தட்டி
புகையாய் வரும் மண்ணில் ஈரம் பார்ப்பேன்.
இப்போது காங்கேயத்துக்குத் தெற்கே
கொறங்காட்டு நடுவில் ஓர் ஓடுதளம்,
அதன் மேற்குக் கடைசியில் வின்ச் ஓட்டுகிறேன்.
அதே லேலண்டு எஞ்சின். அதே ஆயிரம் அடி,
மேலே.

கிளைடருக்குச் சொந்தமாய் எஞ்சின் கிடையாது.
ஒரு கிலோமீட்டர் வடத்தை நான் சுற்றச் சுற்ற
பட்டம் மாதிரி ஏறும், உள்ளே ஆளோடு.

எதெல்லாம் கெடும்?
டீசல் வடிகட்டியில் தூசி; பாதி உயரத்தில் எஞ்சின் இருமும்.
டிரம்மில் வடம் குருவிக்கூடாய்ச் சிக்கும்.
கொக்கி விட மறுத்தால்
என் பக்கத்தில் ஒரு கத்தி, சிவப்புப் பிடி, ஒரே வெட்டு.
இதுவரை இழுத்ததில்லை. தினமும் எண்ணெய் விடுகிறேன்.

இதற்கெல்லாம் முன்னால்
அறுவதற்கென்றே ஒரு துண்டு உண்டு.
விரல் நீளத் தகடு.
இறக்கை ஒடிவதற்குள் அது ஒடிந்துவிடும்.
ரெண்டு பேர் ஏறும் வண்டிக்குக் கறுப்பு,
ஒற்றையாளுக்கு நீலம்.

ஆடிக்காத்து கணவாயில் புகுந்து
பனைகளைக் கிழக்கே சீவிக்கொண்டிருந்த சனிக்கிழமை.
மூன்றாவது ஏற்றம். பூங்கோதை, தனியாள்.
முந்நூறு அடியில் ஒரு வீச்சு அவளைத் தூக்கியது.
நான் வேகம் குறைக்கும் முன்
டிரம் லேசானது.

அந்த லேசு எனக்குத் தெரியும்.
குழிக்குள் ஹேமர் கழன்றால் இப்படித்தான்.
சுற்றி நின்று எட்டிப் பார்ப்போம்.
ஆனால் கீழே கிடப்பது ஆள் இல்லை.

வடம் கிளுவை வேலியில் விழ
வெள்ளாடுகள் திசைக்கொன்றாய் ஓடின.
மேலே மூக்கு கீழே குத்தியது. குத்தட்டும்,
வேகம் பிடிக்கட்டும்.
மிச்ச வடத்தை விடு பூங்கோதை,
ரெண்டு தரம் இழு,
இழு

விட்டாள்.
திரும்பாமல் நேரே இறங்கினாள்.
என் கூண்டுக்கு எண்பது முழம் இருக்கையில்
சக்கரம் நின்றது.

இம்ரான் இரண்டு நுனிகளையும் தேடி எடுத்துவந்தான்.
போன வாரம் நான் குழாய் போட்டு நசுக்கிய ஒட்டு.
அங்கேதான் அறுந்திருக்கிறது.
தகடு முழுசாய் இருந்தது.
துடைத்துப் பார்த்தேன்.
கறுப்பு.

காலையில் ரெண்டு பேர் போனார்கள்.
அப்புறம் நான் மாற்றவில்லை.

"காத்துத்தானுங்ண்ணா" என்றாள் பூங்கோதை
பாட்டில் தண்ணியைச் சட்டையில் சிந்தியபடி.
ஆமாம் என்று சொல்ல
ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

பதிவேட்டில் 'காரணம்' சின்னக் கட்டம்.
கறுப்பு, மாற்றவில்லை, அர்த்தநாரி
என்று எழுதினேன்.
பேர் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த வாரம்
நீலத்தை அவள் உள்ளங்கையிலேயே வைத்தேன்.
புரட்டிப் பார்த்தாள்.
"இவ்வளவுதானுங்களா?"