மகர ஒற்று

கருங்கல் சந்தைப் பக்கம் ஜெராக்ஸ் கடை எனக்கு.
இருபது நாள் ஷட்டரை இறக்கிவிட்டு
கடியபட்டணத்தில்
இரண்டு நடிகர்களுக்கு ஒரு சொல் கற்றுக்கொடுத்தேன்.
தினம் ஆயிரத்து ஐந்நூறு. சாப்பாடு தனி.

மருமகள் கேட்க வேண்டும்:
எப்பம் வருவாவ?
மாமனார் சொல்ல வேண்டும்:
இப்பம் வருவான், நீ கெடந்து ஒறங்கு மக்ளே.
வள்ளம் போய் ஒன்பது நாள் என்று
கதைத்தாளில் போட்டிருந்தது.

துரைக்கண்ணு ஐயா காதைக் கொடுக்கவில்லை,
என் வாயைப் பார்த்தார்.
இன்னொருக்கா, என்றார். சொன்னேன்.
"எங்க ஊர் 'இப்போ' வாயைத் திறந்துபோட்டுட்டுப் போகுது.
நீங்க கதவைச் சாத்திடுறீங்க."
அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் முடிந்தது பாடம்.
பதினாறு வயதில், நாடகக் கொட்டகையில்,
தரை டிக்கெட்டின் கடைசி ஆளுக்கும் தெரியும்படி
தோளால் அழப் பழகியவர்.
கேமரா வந்தபின் அந்த அழுகையைத்
தோளிலிருந்து தாடைக்கு,
தாடையிலிருந்து கீழிமைக்கு ஏற்றியிருக்கிறார்.
"ஒரு சாண் தூரம் தம்பி. நாற்பது வருஷம் ஆச்சு."

யாமினி கேட்டது வேறு:
"இந்த ம் எங்கிருந்து வருது?"
வாயிலிருந்து, என்றேன். அவள் சிரிக்கவில்லை.
எதை வெளியே விடாமலிருக்க
அந்த உதடு மூடுகிறது என்று தெரிய வேண்டுமாம்.
டெல்பின் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கினாள்.
மரச்சீனி அவித்தாள், சாளை கழுவினாள்,
ராத்திரி இரண்டு மணிக்குப் பாறையில் உட்கார்ந்து
இல்லாத வள்ளத்துக்காக
கலங்கரை விளக்கின் சுற்றுகளை எண்ணினாள்.
அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு,
"அந்தப் பிள்ளைக்கு வீட்டுல வல்ல பிரச்சனையும் உண்டாடே?"

முதல் டேக்கில் அவளுக்கு 'எப்பம்' வரவேயில்லை.
பதினொரு நொடி. கடல் மட்டும் பேசியது.
இரண்டாவதில் சுவரைப் பார்த்துக் கேட்டாள்,
போகஸ் பிடிக்கிற பையன் பல்லைக் கடித்தான்.
ஐந்தாவதில் கேள்வியே இல்லை,
அவர் சட்டையில் பிய்ந்த பித்தானைப் பிடித்துத் திருகினாள்.
அவர்?
ஒன்பது டேக்கிலும்
'இப்பம்' முடிகிற அந்த மகரத்தில்
இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு.
விளக்கு இடப்பக்கம் இருந்தது.

மத்தியானம் அவள் சோற்றைத் தொடாமல்:
"அவர் எனக்குப் பதில் சொல்லல. லைட்டுக்குச் சொல்றார்."
அவர், மீன்குழம்பில் முள் எடுத்தபடி:
"அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும்
வேற வீட்டு மருமகளா வருது.
நான் எந்த மகனைத் தேடுறது?"
இரண்டையும் நான்தான் கேட்டேன்.
இரண்டுக்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம், டப்பிங்கில் வைத்துப் பார்க்க
என் குரலில் ஒரு தடம் வேண்டும் என்றார்கள்.
"நடிக்க வேண்டாம்ணே, சும்மா பேசுங்க."
மைக்கைப் பார்த்தேன்.
நாற்பத்தொரு வருஷம் கணக்கில்லாமல் செலவழித்த சொல்.
இப்பம்.
ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்:
"கொஞ்சம் செயற்கையா இருக்கே."
மறுபடியும். மறுபடியும்.
கழுத்து வேர்த்தது.
சுடுதண்ணீர் டம்ளரோடு தூரத்து பிளாஸ்டிக் நாற்காலியில்
துரைக்கண்ணு ஐயா
சத்தமில்லாமல் உதட்டைச் சாத்திக் காட்டினார்.
பார்த்து எழுதுகிறவன் போல
அதை அப்படியே பிரதி எடுத்தேன். ஒரிஜினல் யாருடையதோ.
ஓகே ஆனது.

யாமினி மட்டும் கைதட்டவில்லை.
"கடைசியா சொன்னப்ப
யாரை நினைச்சுக்கிட்டீங்க?"
யாரையும் நினைக்கவில்லை என்று சொல்ல
எனக்கு வெட்கமாக இருந்தது.
தங்கச்சியை, என்றேன்.
எனக்குத் தங்கச்சி கிடையாது.

ராத்திரி, கடைசி பஸ்ஸில், வீட்டிலிருந்து போன்.
எப்பம் வருவிய?
இப்பம், என்றேன்.
உதடு மூடியது.
கொஞ்சநேரம் திறக்க மனசில்லாமல் வைத்திருந்தேன்,
ஜன்னல் பக்கம், இடது முகத்தில்
திங்கள்சந்தைக் கடைகளின் வெளிச்சம் விழும்படி.

அந்தப் பக்கம் என் பெண்டாட்டி கேட்டாள்:
ஆராக்கும் பேசது?