பிடித்திருந்தது

நூற்றைம்பது நாற்காலி, இரண்டு ராத்திரி,
பாதி முன்பணம்.
ரசீதுப் புத்தகத்தைத் திறக்கும்போதே
நிஸ்ரீன் சொல்லிவிட்டாள்:
முன்பணம் இல்லை அக்கா,
பின்பணமும் சந்தேகம்தான்.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்
இருபது வருடமாக நாற்காலி விடுகிறேன்.
இப்படி உண்மை பேசும் வாடிக்கையை
டர்பனில் நான் பார்த்ததில்லை.

ஓவர்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம்.
அரபுப் படவிழா, ஐந்தாம் ஆண்டு.
கம்பிக்கதவில் கட்டிய அட்டையில்
எப்படியெல்லாம் கைகொடுக்கலாம் என்று
எண் போட்டிருந்தார்கள்.
சீட்டு வாங்கலாம். நாலு பேருக்குச் சொல்லலாம்.
தூரத்திலிருந்து வரும் இயக்குநருக்கு
வீட்டில் ஒரு கட்டில் ஒதுக்கலாம்.
ஐந்தாவது மழையில் கரைந்திருந்தது.
ஆறுக்கு எதிரே வெறும் வெள்ளை.
பேனா தீர்ந்திருக்கும்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரவேண்டிய திரை
வான் ரீனன் கணவாயில்
லாரியோடு நின்றுவிட்டது.
என் பக்கி வண்டியில் பந்தி விரிப்புகள் கிடந்தன.
இரண்டை எடுத்துக்கொடுத்தேன்.
கைபேசி பழுது பார்க்கும் இத்ரீஸ்,
சூடான்காரன்,
நடுவில் சேர்த்துத் தைத்தான், பெரிய பெரிய தையலாக.
யாரோ ஒருத்தியின் வளைகாப்பில் சிந்திய சாம்பார்
மஞ்சள் வட்டமாக ஓரத்தில் இருந்தது.
இருட்டில் தெரியாது என்றேன்.
தெரிந்தது.

எட்டு மணிக்கு மின்சாரம் போகும் என்று
எல்லோருக்கும் தெரியும். போனது.
கசாப்புக்கடை மூன்சாமி
ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
டீசல் உங்களுடையது, சத்தம் என்னுடையது என்றார்.
அதற்கும் அட்டையில் எண் இல்லை.

அப்புறம்தான் கடல் தன் காற்றை அனுப்பியது.
துணி வயிறு உப்பியது.
கதாநாயகியின் முகம் பானை போல் வீங்க
முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
இடது கம்பத்துக்கு இத்ரீஸ் ஓடினான்.
வலது பக்கம் யாருமில்லை.
நான் பின்னால் போய்
விளிம்பைக் கையில் சுற்றி இழுத்தேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம்.

பின்னாலிருந்து படம் பார்த்திருக்கிறீர்களா?
எல்லோரும் இடதுகைக்காரர்கள்.
ஆங்கில எழுத்து தலைமுடி திருப்பிச் சீவியதுபோல்
ஒன்றும் புரியாமல் ஓடுகிறது.
ஆனால் பெயர்கள் வந்தபோது பார்த்தேன்:
வலமிருந்து இடம் போகும் அரபு
என் பக்கம் இடமிருந்து வலம் போனது,
தமிழ் போகிற திசையில்.
வாசிக்கத்தான் தெரியவில்லை.
கண் மட்டும் பழக்கப்படி அதன் பின்னே நடந்தது.

ஒரு மனிதன் கதவைச் சுமந்துகொண்டு போகிறான்.
வீடு இல்லை, கதவு மட்டும்.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
துணிக்கு அந்தப்புறம் மூச்சடங்கினால்
ஏதோ நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.
அவன் கடலுக்கு வந்தபோது
இத்ரீஸின் தையல்தான் தொடுவானம்.
சாம்பார்க் கறை நிலவாக நின்றது.
யாரும் சிரிக்கவில்லை.
என் கைமுட்டியைத் தாண்டித்தான்
அந்த அலை கரைக்குப் போக வேண்டியிருந்தது.

முடிந்ததும் நிஸ்ரீன் ஓடிவந்து கேட்டாள்,
ஆங்கிலத்தில்,
படம் பிடித்ததா என்று.
பிடித்திருந்தேன், விரல் மரத்துப்போகும்வரை.
என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்
என்று விளக்க நினைத்து
கையை மட்டும் உதறிக் காட்டினேன்.

ஞாயிறு காலை, வெரூலத்தில் ஒரு கல்யாணம்.
பனி ஈரத்தோடு அடுக்கி எண்ணினேன்.
நூற்று நாற்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். அதே.
போனால் போகட்டும் என்று வராது எனக்கு.
மைதானம் முழுக்கத் தேடினேன்,
கழிப்பறை, மூன்சாமியின் வேன் அடியில்கூட.

வலது கம்பத்துக்குப் பின்னால் இருந்தது,
நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.
இருக்கையில் மூடிவைத்த ஒரு கோப்பைத் தேநீர்,
ஆறி, மேலே ஆடை படிந்து.
எப்போது கொண்டுவந்து வைத்தார்களோ.
நான் திரும்பியே பார்க்கவில்லை.