துளை எண்ணுகிறவள்

காலையில் என் வேலை துளை எண்ணுவது.
நூறு கௌப்பி, ஒரு வெள்ளைத் தட்டு, ஓர் ஊசி.
வண்டு உள்ளிருந்து வெட்டி வெளியேறிய
வட்ட வாசல்களைப் பதிவேட்டில் ஏற்றுகிறேன்.
அத்தனை கச்சிதம்,
நூல் கோத்துச் சட்டையில் தைத்துவிடலாம்.

வந்தாறுமூலையில் மூன்று நாளாய் மழை.
மின்சாரம் போவதும் வருவதுமாய் இருக்கிறது.
றிஸ்மியாவை இன்னும் காணவில்லை,
ஏறாவூர் பஸ் செங்கலடியோடு நின்றிருக்கும்.

இந்தப் போத்தல் கரடியனாற்றுச் சோதிமலருடையது.
ஆவணியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்,
மூடிக்குப் பதில் பழைய சாறித் துண்டு.
"மற்ற எல்லாத்திலயும் வண்டு விழுந்திட்டு,
இதில மட்டும் விழல்ல.
ஏனெண்டு ஒருக்காப் பாருங்ககா."
சிறுத்த விதை, செங்கல் நிறம்.
சந்தையில் கிள்ளிப் பார்த்துவிட்டு
அடுத்த சாக்குக்குப் போய்விடுவார்கள்.

அவள் போனதும் பத்துச் சோடி வண்டை உள்ளே விட்டேன்.
வந்த வேலையைப் பார்த்தன.
விதைத்தோலில் உப்புப்பரல் போல முட்டைகள்.
புழு பொரித்தது, துளைத்தது, உள்ளே போனது.
அதுவரை எல்லாம் வழமை.
மறுகா, ஒன்றுமே வெளியே வரவில்லை.

விதையைப் பிளந்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.
புழு அங்கேதான் கிடந்தது,
வாய் நிறைய மாவோடு
பட்டினியில் செத்து.

புழுவின் குடலில் ஒரு கத்தி உண்டு.
தின்ற புரதத்தை அதுதான் நறுக்கும்.
இந்த விதைக்குள் இருக்கும் ஒரு புரதமோ
தானாகவே கத்தியின் வாயில் போய்ச் செருகி
கழன்று வர மறுக்கிறது.
முள்ளில்லை, ஓடக் காலில்லை,
கத்தக் குரலுமில்லை.
முளைக்கென்று கட்டிவைத்த சோற்றுக்குள்ளேயே
பூட்டையும் வைத்துக் கட்டியிருக்கிறது.

மற்றத் தட்டில் பூஞ்சணம் வளர்த்தேன்.
நடுவே ஒரே ஒரு விதை, தோலில் சிறு கீறல்.
நீர் குடித்து ஊதியபோது ஏதோ கசிந்திருக்கிறது.
நாலா பக்கத்தாலும் வந்த வெள்ளை நூல்கள்
அரை விரல் தூரத்தில் நின்றுவிட்டன.
சுற்றிலும் ஒரு வெறும் வளையம்.
முளைக்குமுன் தன் முற்றத்தை
அது கூட்டிக்கொண்டது போலிருந்தது.
றிஸ்மியா அந்தத் தட்டைப் படம் எடுத்து
கைபேசி முகப்பில் வைத்திருக்கிறாள்.
பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்,
பிறையா, கிரகணமா என்று.

மத்தியானம் இதே கௌப்பியை அவித்துத்
தேங்காய்ப்பூ தூவித் தின்கிறோம்.
பச்சையாய்த் தின்றால் எங்கள் வயிற்றுக் கத்தியும்
கொஞ்சம் மாட்டிக்கொள்ளும்.
வண்டுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது,
வித்தியாசம் அவ்வளவுதான்.

நேற்றுச் சோதிமலர் போன் எடுத்தாள்.
பின்னால் உழவு இயந்திரம் இரைந்தது.
"இதையே விதைக்கட்டா?"
விதையுங்கள், நல்ல விதை என்றேன்.
குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது,
நானே காய்த்துக் கொடுத்தது போல.

இன்று அவளுடைய தட்டில் ஒரு துளை.

வெளிச்சம் போயிருந்ததால்
யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன்.
துளைதான்.
தட்டின் ஓரத்தில் வண்டு நின்றது,
மற்றவற்றில் பாதி உடம்பு,
இருபது நாள் பிந்தி வந்தது.
எப்படித் தின்றாய் என்று கேட்கத் தோன்றியது.
பூட்டுக்கு அகப்படாத வேறொரு கத்தி
எங்கிருந்து கிடைத்தது உனக்கு?
நசுக்க ஊசியும் கையில் இருந்தது.
நசுக்கவில்லை.
சிறு குப்பியில் இட்டுத் திகதி எழுதினேன்.
பின்புறத்தைப் பார்த்து
பெண் என்றும் எழுதினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு றிஸ்மியா வந்தாள்,
முக்காட்டு நுனியைப் பிழிந்தபடி.
"எத்தின?"
"ஒண்டு."
பையைக்கூட இறக்காமல்
முக்காலியை இழுத்துப் போட்டு
என் பக்கத்தில் குந்தினாள்.