விழுகிற தொப்பிக்காரர்

பீல் நகரம். வெள்ளி மாலை.
காலியான டயர்க் கிடங்கின் சுவரில்
தலைப்பை ஒட்டினார்கள்: தாமதம்.
ஸ்விஸ்காரர்களுக்கு அதுவே பெரிய பகிடி.
ஞாயிறு மாலைக்குள் ஒரு விளையாட்டு செய்ய வேண்டும்.

இந்த ஊரில் எனக்குப் பதினொரு வருடம்.
தெரிந்த முகங்கள் இரண்டு:
பல் டாக்டர்,
ஆறே முக்கால் பஸ்ஸின் முன் இருக்கைக்காரர்.

உர்சினா வரைந்தாள், ஜெர்மனில்.
லோயிக் இசைத்தான், பிரெஞ்சில்.
இரண்டும் அரைகுறையாய்த் தெரிந்ததால்
நிரலோடு மொழிபெயர்ப்பும் என் தலையில்.
வசவுகளுக்கு மட்டும் அது தேவைப்படவில்லை.

சனி இரவு மூன்று மணி.
ரயிலுக்குக் காத்திருக்க வேண்டிய எங்கள் தொப்பிக்காரர்
மேடையில் கால் வைத்ததும்
தரைக்குள் புகுந்து விழுந்தார்.
விழுந்துகொண்டே இருந்தார்,
தொப்பி கழலாமல்.

பிழையைத் தேடித் தேடி
என் கண்ணில் மணல்.
பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.
முன் இருக்கைக்காரர்!
பெயர் பெயாட்டாம்.
"விழட்டுமே," என்றார்,
"ரயில் எவ்வளவு தாமதமோ
அவ்வளவு ஆழம்."

பரிசு கிடையாது, யாருக்குமே.
ஆனாலும் வரிசையில் நின்று
எல்லாரும் அவரை ஒருமுறை விழவைத்தார்கள்.

அடுத்த வியாழன்,
உர்சினாவின் கட்டடத்துச் சலவை அறை.
ஈரச் சட்டைகளின் கீழே நான்கு மடிக்கணினிகள்.
கூடையோடு சண்டைக்கு வந்தாள் மேல்வீட்டுக்காரி:
இன்று அவள் முறையாம்.

திரையைப் பார்த்தாள்.
கூடையை இறக்கி வைத்தாள்.
"இவர் எப்போது தரை தொடுவார்?"

தெரியாது என்றோம்,
இரண்டு மொழியிலும்.
பெயாட் நகர்ந்து இடம்விட்டார்.