இருபதாம் தேதி

பட்டனை அழுத்தினால் ஒன்றுமில்லை.
விசிறியின் மூச்சு இல்லை,
ஓரத்தில் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டும் இல்லை.
விஷாரத்து ஷூ கம்பெனியின் பில்கள் மொத்தமும்
அதற்குள்.
இன்று இருபது. ஜிஎஸ்டிக்கு
நள்ளிரவு வரைதான் கெடு.

மிக்சி ஓடுகிற பிளக்கில் மாட்டினேன்.
மாடிவீட்டு ரெபேக்காளின் சார்ஜரைக் கேட்டு வாங்கினேன்;
முள் நுழைந்தது, உயிர் நுழையவில்லை.
யாரும் பார்க்காதபோது
முதுகில் ஓர் அறையும் வைத்தேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஷேர் ஆட்டோ.
மே மாத வெயிலில், மடியில்,
செத்தும் சுட்டது.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"சி.எம்.சி.யாம்மா?" என்றார் டிரைவர்.
லாங் பஜார் என்றேன்.

தபசும் ஒரு கேள்வி கேட்கவில்லை.
பேட்டரியைக் கழற்றி ஓரமாய் வைத்தாள்.
"பட்டனை அமுக்கிப் பிடிங்க. முப்பது எண்ணுங்க.
உள்ள தேங்கின கரண்ட் போகணும்."
பதினேழில் டில்லிபாபு போன் செய்தான்.
எடுக்கவில்லை. எண்ணிக்கை தவறிவிட்டது.
மறுபடி ஒன்று.
முப்பது.
ஒன்றுமில்லை.

"ஆத்துல தண்ணி இல்ல, கோட்டையில ராஜா இல்ல,
நம்ம ஊர் லிஸ்ட்ல இதையும் சேத்துக்கலாம்"
என்றபடி திருகாணிகளைக் கழற்றி
ஆற்காட்டு மக்கன்பேடா டப்பாவின் மூடியில் போட்டாள்.
பத்து இருந்தது. பதினொன்றாவது
எப்போது போனதென்று தெரியாது.
உள்ளே எறும்புகள்,
முட்டையும் மூட்டையுமாக,
வாடகை தராமல்
என் வரவுசெலவுக்கு மேலேயே குடித்தனம்.
ஊதினாள்.

விரல் நீளப் பச்சைப் பட்டை ஒன்றை உருவி
அதன் பொன் பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாள்,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
கழித்தலைக் கூட்டிவிட்ட பிள்ளை மாதிரி.
ரப்பரில் கருப்பு ஏறியது.

செருகினாள். டிக்.
விசிறி இருமியது.
பொட்டு.

திரையில் தேதி: ஜனவரி 1, 2012.
"காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும், அது செத்திருச்சு.
தேதிய மாத்தலேன்னா
எந்த சைட்டும் திறக்காது, இப்பவே சொல்லிட்டேன்.
முந்நூறு ரூபா."

ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.
டில்லிபாபுவின் கடனுக்கு
நான் இன்னும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது.
தபசும் கீழே எட்டிப் பார்த்து
இரண்டு டீ சொன்னாள்.
டீ வரும்வரை
தேதியை மாற்றவில்லை.