அது இந்தக் கால்

முதல் பாகத்தில் கழுத்தறுபட்டுச் செத்தவன் நான்.
இரண்டாம் பாகத்தில், நாற்பத்தோராவது நிமிடம்,
மண்டபம் ஸ்டேஷனில் சமோசா தின்கிறேன்.
எவரும் கேட்கவில்லை.

ரத்தம் என்பது நன்னாரி சர்பத்தும் கலர்பொடியும்.
எறும்பு மொய்த்துவிட்டது.
உற்றுப் பார்த்தால் தெரியும்
பிணம் தொண்டையைச் சொறிவது.

கதாநாயகி பெண்கடலில் குதித்து
ஆண்கடலில் தலை தூக்குகிறாள்.
சென்னையில் அந்த இடத்தில் அலறினார்களாம்.
ராமநாதபுரத்தில், பின்வரிசை நைனா முகம்மது
"ரயிலப் புடிச்சு வந்தாளா?" என்றார்.
அதன்பின் படம் முடியும்வரை சிரிப்பு.

கொலைகாரன் சாவதில்லை.
நங்கூரம் பாய்ந்தது, டீசலில் எரிந்தான்,
ஐஸ் உடைக்கிற மெஷினில் போனான்.
எப்படித் திரும்பினான் என்றால்
ஒரு மின்னல், மணலுக்கு மேல் ஒரு கை.

ஆனால் அந்த நொண்டல் கதையில் எழுதாதது.
நடிகருக்கு அலை ஆகாது, ஒரே வாந்தி;
முகமூடிக்குள் இருந்தது எங்கள் சந்தியாகு.
இரண்டாம் நாள் முழங்கால் தண்ணீரில்
வலது பாதத்தில் திருக்கை முள்.
நிற்காமல் நடந்தான்.
"இதான் வேணும், இதையே வச்சுக்க"
என்று கத்தினார் டைரக்டர்.
வைத்துக்கொண்டான்.

மூன்றாம் பாகத்துக்கு வேறு ஆள்.
இடது காலை இழுக்கிறான்.

வேதாளைக் கரையில் பள்ளி விட்டதும்
தெர்மாகோல் மூடியில் கண் குடைந்து
இடது கால் இழுத்துத் துரத்துகிறார்கள் பிள்ளைகள்.
சந்தியாகு வலையோடு கடக்கிறான்.
"அண்ணே, தப்பு! அது இந்தக் கால்!"

நின்றான்.
கொஞ்ச தூரம்
காலை மாற்றி இழுத்துப் பார்த்தான்.
வரவில்லை.