இந்த ஊர்ச் சரக்கு

லாகோஸ், ஒட்டிக்பா தெரு.
ஜெனரேட்டர் புகைக்கு நடுவே குடை விரித்து,
தானே பற்றவைத்த சார்ஜர்களை
எபியேரே அடுக்குவாள்.

"எந்த ஊர்ச் சரக்கு?"
"இந்த ஊர்தான். பின்சந்து, இரண்டாம் மாடி."
எடுத்தவர் வைத்துவிட்டார்,
கை சுட்டதுபோல.

மறுநாள் என் கடைக்கு வந்தாள்.
ஒட்டுத்தாள் நூறு:
'ஷென்ஜென் தயாரிப்பு'.
பேரம் பேசவில்லை.
மதியத்துக்குள் தட்டு காலி.

மழைக்காலம் முடிந்து அதே ஆள்:
"இன்னும் நாலு கொடு.
சூடேறாமல் உழைக்கிறது.
நம்ம ஆட்களுக்கு எப்போது கைவருமோ இதெல்லாம்!"

அவள் சில்லறை தேடினாள்.
வெகுநேரம் தேடினாள்.

அந்த எழுத்தை அச்சடித்ததும்
இந்தத் தெருவில் கட்டிய மிஷின்தான்.
மை மட்டும் எங்கிருந்தோ வருகிறது.
அதுவும் இந்த மாதம்
தட்டுப்பாடு.